மரியோ போடாத பதில்

மார்க்கம் நகர விருந்து மண்டபத்தில் எங்கள் மேசை மேடைக்கு மிக அருகில் இருந்தது. சக்கர நாற்காலி நுழைவதற்காக ஒரு கதிரையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரியோவை இருத்தியிருந்தார்கள். அவனுக்கு வலப்பக்கம் தாய் றெஜினா. இடப்பக்கம் நான். எனக்கு அடுத்து என் மனைவி எமில்டா. கைத்தடியை மேசையில் சாய்த்து வைத்திருந்தாள். எதிரே மெலிசா, மலைச்சைக்கிள் பாதைச் சங்கத்தின் தலைவி. பள்ளத்தாக்கில் புதிய பாதை வெட்ட நிதி சேர்க்கும் விருந்து அது. மேசையில் இருந்த ரோல்ஸ் எமில்டா சுருட்டிப் பொரித்துக் கொடுத்தவை. நன்றாகவே இருந்தன.

அந்தப் பள்ளத்தாக்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். எமில்டா பின்னேரங்களில் செபமாலை சொல்லிக்கொண்டு அங்கே நடப்பாள். ஒருநாள் வளைவில் வேகமாக வந்த சைக்கிள் ஒன்று அவளைத் தட்டி விழுத்தியது. ஓட்டியவன் "சொறி அன்ரி" என்று கத்திவிட்டு நிற்காமல் போனான். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

"விடுங்கோப்பா, விளையாடுற பிள்ளையள்," என்றாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு.

நான் விடவில்லை. சத்தம் போடவும் இல்லை. மன்னார்ப் பக்கத்தில் நான் படித்தது சின்னப் பள்ளிக்கூடம்தான், ஆனால் கடிதம் எழுத ஒழுங்காகப் படிப்பித்தார்கள். முகவரி, திகதி, விடயம், பணிவான முடிவு. சங்கத்தின் செயலாளர் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த றெஜினாவின் மகன் என்று அறிந்தபோது எனக்குச் சந்தோசம். எங்கள் பிள்ளையொன்றைப் பற்றி நகரசபைக்கு ஆங்கிலத்தில் முறையிடுவது அழகில்லை. ஆகவே மரியோவுக்கே தமிழில் எழுதினேன். ஆட்கள் நடக்கும் வளைவில் சைக்கிளை விட்டு இறங்கி நடக்கச் சொல்லி ஓர் அறிவித்தல் வைக்கும்படி கேட்டேன். அவ்வளவுதான்.

பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அதற்கும் இல்லை. ஞாயிறுகளில் கோயில் வாசலில் "ஹாய் அங்கிள்" என்று சிரித்துக்கொண்டு போவான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் எழுதியதைக் குப்பையில் போட்ட கையையே எனக்கு ஆட்டிக் காட்டுகிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அடுத்த கடிதத்தை இன்னும் மரியாதையாக எழுதினேன்.

கோடையில் மீன்பிடிக்கக் கொண்டுபோகும் பெட்டிக்குள் தங்கூசி இருந்தது, தூண்டிலுக்குக் கட்டும் மெல்லிய நைலோன் இழை. ஒரு சனிக்கிழமை காலை, வளைவின் இரண்டு மரங்களுக்கு இடையில் அதைக் கட்டினேன். யாரையும் காயப்படுத்த அல்ல, வேகத்தைக் குறைக்க. நெஞ்சு உயரத்தில்தான் கட்டினேன். குனிந்து ஓட்டுகிறவனுக்கு அந்த உயரத்தில் வருவது நெஞ்சு அல்ல என்பதையும் யோசித்திருந்தேன்.

சத்தம் கேட்டதும் ஓடிப்போனேன். தங்கூசியை அறுத்துச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். பிறகு அம்புலன்சுக்கு அடித்தேன். சைக்கிளில் வந்து விழுந்தவன் மரியோ. வானத்தைப் பார்த்தபடி கிடந்தான். பக்கத்தில் ஒரு பலகை முகங்குப்புறக் கிடந்தது. அதை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

வேரில் சில்லுத் தடக்கி விழுந்துவிட்டான் என்றார்கள். கழுத்தில் இருந்த கீறலை ஏதோ மரக்கொப்பு கிழித்தது என்றார்கள். கழுத்துக்குக் கீழே அவனுக்கு இப்போது எதுவும் அசையாது.

உயிரைக் காப்பாற்றியவர் என்று விருந்தில் எனக்குப் பொன்னாடை. "எங்கட கஸ்பர் அங்கிள் இல்லாட்டி மரியோ இல்லை," என்று சொல்லி மெலிசாவே போர்த்தினாள். எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். எமில்டா கண்ணைத் துடைத்தாள். பிறகு றெஜினாவைப் பேசக் கூப்பிட்டார்கள்.

"அண்ணை, நான் போட்டு வாறன். பெடிக்கு ஒரு வாய் குடுங்கோவன்."

கரண்டியை எடுத்தேன்.

"கோழி வேண்டாம் அங்கிள், கல்லு மாதிரி," என்றான் மரியோ. "அன்ரின்ர ரோல்ஸ் தாங்கோ. அதுக்காகத்தான் வந்தனான்."

பிய்த்துக் கொடுத்தேன். மென்று விழுங்கிவிட்டு, மேடையில் நின்ற தாயைப் பார்த்தபடியே சொன்னான்.

"உங்கட லெற்றர் எல்லாம் அம்மா வாசிச்சுக் காட்டினவா. எனக்குத் தமிழ் கதைக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது. இங்கிலிஷில எழுதினா நீங்கள் கோவிப்பியள் எண்டு அம்மா சொன்னவா. அதான் நேர வருவம் எண்டு இருந்தனான்."

"எப்ப?"

"நான் விழுந்த அண்டைக்குத்தான். அந்த வளைவில அறிவித்தல் போட் பூட்டப் போனனான். இறங்கி நடக்கவும் எண்டு, தமிழிலயும் இருந்தது, அம்மா எழுதித் தந்தவா. பூட்டிப்போட்டு உங்கட வீட்ட வந்து அன்ரியிட்ட சொறி சொல்லுவம் எண்டு பிளான்."

"ஒரு வரி எழுதியிருக்கலாம், தம்பி."

"என்ர தமிழ் எழுத்தைப் பாத்தா நீங்கள் சிரிப்பியள், அங்கிள். வெக்கமாப் போச்சு."

அவன் வாயைத் துடைத்துவிட்டேன். பொன்னாடையில் எதுவும் படவில்லை.

வீட்டுக்கு வந்து, இங்கே சொன்ன ஒழுங்கிலேயே எல்லாவற்றையும் மரியோவுக்கு எழுதினேன். பொலிசுக்கு ஒரு பிரதி. அவனுக்குரியது தமிழில்தான், றெஜினா வாசித்துக் காட்டுவாள். எமில்டாவுக்காகச் செய்தேன் என்பதை அவன் அறிய வேண்டும். இதில் தன் பங்கு என்ன என்பதையும் அறிய வேண்டும். நேரில் வருவோம் என்று நினைத்துக்கொண்டு இருப்பது பதில் ஆகாது. ஒரே ஒரு வரி வந்திருந்தால், அந்த வளைவில் நான் எதையும் கட்டியிருக்க மாட்டேன்.

எழுத்து எப்படி இருந்தாலும் சிரிக்கமாட்டேன் என்றும், இம்முறையாவது தன் கைப்பட இரண்டு வரி எழுதி அனுப்பும்படியும் பணிவாகக் கேட்டு முடித்தேன். இரண்டு உறைகளையும் ஒட்டினேன். தெருமுனைத் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்து, பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.