பழைய ஃபியட்டுக்குப் புது வால்வு

லோகநாதன்: ...அந்தப் பழைய பிளாஸ்டிக் வால்வைக் கழட்டிப் போடு தாவீது. இதை மாட்டு. சுத்த அலுமினியம். கப்பல்ல வேலை செய்யற என் மச்சினன் ஜப்பான்லேர்ந்து வாங்கிட்டு வந்தான்.

தாவீது: பளபளன்னுதான் கீது சார்.

லோகநாதன்: சாரா? ஒரே பெஞ்சுல உட்கார்ந்து படிச்சவன்டா நான்.

தாவீது: ஒம்போது வருசமா ஷெட்டுப் பக்கம் எட்டிப் பாக்காதவர வேற இன்னான்னு கூப்புடறது?

லோகநாதன்: இரும்புலியூர் பக்கம் வேலையே இல்லடா...

தாவீது: பீர்க்கன்கரணைல ஒன் வூட்லேர்ந்து இன்னா தூரம்? சைக்கிள்ல பத்து நிமிசம். சரி வுடு. வண்டிய எங்க வெச்சிருந்த? பின் சீட்டுல கோழி முட்ட கீது.

லோகநாதன்: மாட்டுக் கொட்டகைல. சிரிக்காதே.

தாவீது: சோழவரத்துல ரேஸ் ஓடுன ஃபியட்டு... கோழி அடகாக்குது!

லோகநாதன்: தாம்பரத்துலயே டர்போ வெச்ச ஒரே ஃபியட். ஞாபகம் இருக்கா, புதுப்பேட்டைல பழைய பார்ட்ஸ் கடைல அந்த டர்போவைப் பார்த்துட்டு நீ சாப்பிடக்கூட வரலை.

தாவீது: அடிபட்ட ஜப்பான் வண்டிலேர்ந்து கழட்டுனது. அத்தோட கூட இந்த வால்வயும் கேட்டு வாங்கனேன். டர்போ எஞ்சினுக்குள்ள அமுக்கித் தள்ளற காத்து, ஆக்சிலேட்டர்லேர்ந்து காலெடுத்தா உள்ள மாட்டிக்கும், அது வெளிய போவணுமே. இல்லாட்டி டர்போ காலி.

லோகநாதன்: அந்தச் சத்தம்டா... ப்ஷ்ஷ்ஷ்!

தாவீது: பக்கத்து வூட்டு பேபியக்கா குக்கருன்னு நெனச்சு அடுப்ப அணைக்க ஓடுனாங்களே!

லோகநாதன்: மூணாவது நாள் கரண்டியோட வந்து நின்னாங்க. "டேய், என் பருப்பு வேகவே மாட்டேங்குது"ன்னு.

தாவீது: காலைல அஞ்சு மணிக்கு ஜிஎஸ்டி ரோடு காலியா கெடக்கும். வண்டலூர் வரைக்கும் ஒரே மிதி. நீ ஓட்டுவ, நான் மடில ஸ்பானரோட...

லோகநாதன்: கண்ணை மூடிட்டு.

தாவீது: கண்ண மூடனாதான் எஞ்சின் பேசறது கேக்கும்.

லோகநாதன்: சரி, மாட்டு. பொங்கல் கழிச்சு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குல பழைய வண்டிங்கள ஓடவிடறாங்க. நான் ஓட்டறேன். கதவுல உன் பேரு எழுதறேன். 'மெக்கானிக் தாவீது, இரும்புலியூர்'. பெருசா.

தாவீது: எதுக்கு?

லோகநாதன்: எதுக்குன்னா... நீதானே செஞ்சே.

தாவீது: எண்பத்தொம்போதுல, சோழவரத்துல கடேசி ரேஸுல வேற மாதிரி சொன்னியே. வண்டிய வுட்டு எறங்கி, ரேஸ் கிளப்பு ஆளுங்க அத்தினி பேரு எதிர்லயும். "தாவீது போட்ட ஓட்ட வால்வு கவுத்துடுச்சு"ன்னு.

லோகநாதன்: தோத்த கோவம்டா.

தாவீது: அதுக்கப்பறம் ஒரு ரேஸ் வண்டி இந்த ஷெட்டுக்கு வர்ல. ஆட்டோவுக்கு கிளட்ச் கேபிள் மாத்திகினு கீறேன். தப்பில்ல, சோறு போடுது. ஆனா...

லோகநாதன்: அதனாலதான் புது வால்வு கொண்டாந்தேன். மாட்டுடா.

தாவீது: இரு. பழச கழட்டிட்டேன், பாரு. இந்தச் சின்ன மூக்குல வாய் வெச்சு காத்த உள்ள இஸ்து, நாக்கால அடைக்கறேன்... ம்ம்... நாக்கு ஒட்டிகினு நின்னுச்சா? ஓட்டையா இருந்தா நிக்குமா?

லோகநாதன்: நிக்காது.

தாவீது: ஒம்போது வருசம் கோழியோட கெடந்தும் நல்லாதான் கீது. அன்னிக்கும் நல்லாதான் இருந்துச்சு.

லோகநாதன்: அப்புறம் ஏன் அன்னிக்கு வண்டி இழுக்கலை?

தாவீது: அத்த வுடு.

லோகநாதன்: என்னடா?

தாவீது: புது வால்வு வாணாம் மச்சான். எடுத்துனு போ.

லோகநாதன்: மச்சான்னு சொல்லிட்டே. இப்பச் சொல்லு.

தாவீது: அன்னிக்கு காலைல வண்டிக்கு அடில படுத்து பாத்தேன். எடது பக்கம், ஸ்டீரிங்குலேர்ந்து சக்கரத்துக்குப் போற கம்பி... அதுல முடி கணக்கா ஒரு விரிசல். நான் வெச்ச வெல்டுல.

லோகநாதன்: நீ சொல்லவே இல்லையே!

தாவீது: சொன்னா நின்னிருப்பியா? மூணு சக்கரத்துலயே ஓட்டறேன்னு ஏறியிருப்ப. திரும்ப வெல்டு வெக்க அங்க மிசினும் இல்ல. அதுவுமில்லாம... என் வெல்டு வுட்டுடுச்சுன்னு சொல்ல எனக்கு வெக்கம். அதான் வால்வு தலைல மாட்டற சின்ன ரப்பர் டியூப உருவி வுட்டுட்டேன்.

லோகநாதன்: நீயா உருவினே?

தாவீது: டியூபு இல்லன்னா வால்வு மூடி நிக்காது, டர்போ காத்து பாதி வெளிய ஓடிரும். வண்டி வேகம் புடிக்காது. மெதுவா போனா கம்பி தாங்கும். எட்டு லேப்பும் வேலியோரம் நின்னு ஜெபம் பண்ணேன் மச்சான். நீ கடேசியா வந்த. முழுசா வந்த. எறங்கி என்னத் திட்டுன. சரி, நமக்கு வர வேண்டியதுதான்னு வாய மூடிகினேன்.

லோகநாதன்: ஒன்பது வருஷம்...

தாவீது: நீ ஜெயிக்க வேண்டிய ரேஸு. நாந்தான் கெடுத்தேன். அடிக்கணும்னா அடி.

லோகநாதன்: அந்த ஸ்டூலைத் தள்ளு. உட்காரணும்.

தாவீது: தண்ணி குடிக்கறியா?

லோகநாதன்: வேணாம். ரேஸுக்கு முந்தின நாள் ப்ராக்டீஸ்ல, நம்மகூட ஓட்டின ஜெயவேலு வண்டி உருண்டுச்சே, ஞாபகம் இருக்கா?

தாவீது: மறக்குமா? ஒரு காலு போச்சு. இப்ப பெருங்களத்தூர்ல எஸ்டிடி பூத்து வெச்சிருக்கான். அத்த ஏன் இப்ப சொல்ற?

லோகநாதன்: தகரத்தை வெட்டி அவனை வெளிய எடுத்தப்போ நான் பக்கத்துல நின்னேன்டா. ராத்திரி பூரா தூங்கலை. மறுநாள் வண்டியை வரிசைல நிறுத்தினப்ப நீ தண்ணி எடுக்கப் போனே. நான் பானட்டைத் தொறந்தேன். டியூப் கழண்டு தொங்கிட்டிருந்துச்சு, தானா கழண்டதுன்னு நெனச்சேன். மாட்டறதுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கையை நீட்டினேன்... மாட்டலை. பானட்டை மூடிட்டு ஏறி உட்கார்ந்துட்டேன். எறங்கினதும் பயந்துட்டேன்னு சொல்ல வாய் வரலை தாவீது... உன் பேரைச் சொல்லிட்டேன்.