அழித்த கோப்பு இன்னும் திறந்திருக்கிறது

— எதையும் தொடாதேடா. மவுஸ்லேர்ந்து கையை எடு முதல்ல.

— எடுத்துட்டேன்க்கா. நீ ஆபீஸ்ல இருக்கற நேரத்துல போன் பண்ணிட்டேன், கோவிச்சுக்காதே…

— கோவமெல்லாம் அப்புறம். அம்மா பேசினதைப் பதிஞ்சோமே, அந்தக் கோப்பைத்தானே அழிச்சே? வேற எதையோ பாத்துட்டுப் பதறலையே?

— அதாவது… அதேதான்க்கா. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பதிஞ்சது.

— அறிவிருக்கா உனக்கு? குரல்வளையை எடுத்தாச்சு. இனிமே அம்மா வாயிலேர்ந்து ஒரு சத்தம் வராது. அந்தக் குரலை வச்சுத்தான் பேசற மிஷின் தயார் பண்ணித் தரேன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இன்னொரு காப்பி எடுத்து வைன்னு எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!

— அதாவது, இடம் பத்தலைன்னு… நல்லா திட்டுக்கா. ஆனா மீட்க முடியுமா, அதைச் சொல்லு.

— அதைப் போட்டுக் கேட்ட பிளேயர் திறந்திருக்கா, மூடிட்டியா?

— திறந்துதான் இருக்கு. பாதியில நிக்குது.

— டிஸ்க்ல காலி இடம் பாரு. அழிச்சதும் கூடிச்சா?

— இல்லையே. முன்னாடி இருந்த அளவேதான். அதான் எனக்கும் புரியல.

— அப்பாடா! வயித்துல பாலை வார்த்தே. உயிரோடதான் இருக்கு.

— அழிச்சது எப்படிக்கா உயிரோட இருக்கும்?

— ஆபீஸ்ல அப்படி என்னதான் கிழிக்கறேன்னு கேப்பியே, இதைத்தான். கம்ப்யூட்டருக்கு அடியில கெர்னல்னு ஒண்ணு நின்னு எல்லாத்தையும் நடத்துது. அதுக்குள்ள, கோப்பை அழிக்கற நிரல் துண்டு, ஃபங்ஷன்னு சொல்லுவோம், அது பட்டியல்லேர்ந்து பேரை மட்டும்தான் எடுக்கும். அதை எத்தனை பேர் திறந்து வச்சிருக்காங்கன்னு ஒரு எண்ணிக்கை ஓடும். அது பூஜ்யமானாத்தான் உள்ள இருக்கறது போகும். இப்ப பிளேயர் பிடிச்சுக்கிட்டிருக்கு.

— அப்ப பயமில்லைன்னு சொல்லு.

— இருக்குடா சாமி. அந்தக் கம்ப்யூட்டர்ல ஓடறது நான் சோதிச்சுப் பாக்கப் போட்ட கெர்னல். எண்ணிக்கையைக் குறைக்கற ஃபங்ஷனை எழுதினதே நான்தான். ஒருத்தர் மூடினா ரெண்டு குறையுது. நேத்துத்தான் கண்டுபிடிச்சேன், இன்னும் திருத்தல.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்.

— காப்பி எடுக்கத் திறந்தா ரெண்டாவது ஆள் ஆச்சு. அந்த ஆள் மூடினதும் பிளேயரோட கணக்கும் சேர்ந்து போயிடும். அதனால ஒரே ஒரு தடவைதான் எடுக்கலாம். பாதியில நின்னா அம்மா குரல் அவ்வளவுதான். பென்டிரைவைச் சொருகு. நான் அனுப்பற கட்டளை வரியை ஒரு எழுத்து மாறாம போடு.

— போட்டுட்டேன். ஓடுது… இன்னும் பாதிகூட ஆகலக்கா.

— ஆகும். பென்டிரைவை ஆட்டாம இரு.

— அக்கா! முடிஞ்சிடுச்சு. பென்டிரைவுல இருக்கு.

— போட்டுக் காட்டு. போனைக் கிட்ட வை… ஐயோ, அம்மா. என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்கடா. போதும், அழுகை வருது. போய் அம்மாவைக் கூட்டிட்டு வா, அவங்களும் கேக்கட்டும்.

— அதாவது… அழிச்சது நான் இல்லக்கா.

— பின்னே யாரு?

— அம்மாதான். காலையிலேர்ந்து அதையே போட்டுப் போட்டுக் கேட்டாங்க. அப்புறம் பாதியில நிறுத்திட்டு, அவங்க கையாலேயே அழிச்சாங்க. இப்ப கதவுகிட்ட நிக்கறாங்க. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு என்னையே பாக்கறாங்க.