‘துரு’ குழுவின் டயர் அக்கா

மேடையில் இருக்கும் ‘துரு’ இசைக்குழுவின் மூவரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் மகளே, தங்கையே, டயர் பட்டறைத் தோழர்களே, பல ஊர்களிலிருந்து கறுப்புச் சட்டையோடு வந்து, உட்கார இடமில்லாமல் வாசல்வரை நின்றுகொண்டிருக்கும் ரசிகப் பெருமக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளர் இல்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். “பேசாம, அசையாம நில்லுங்க” என்று பிறரிடம் சொல்லியே முப்பத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ரசிகர் மன்றச் செயலாளர் என்பதால் இன்று என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு குற்றத்தை உங்கள் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

யார் நம் டயர் அக்கா? தேய்ந்த லாரி டயரை உரசி, அதன்மேல் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஹெவி மெட்டல் என்றால் எங்கோ தூரதேசத்தில் முடி வளர்த்த ஆண்கள் புரியாத மொழியில் கத்துவது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதை நம் மொழியில், நம் வேலையைப் பற்றி, நம் தெருவில் நின்று பாடலாம் என்று முதலில் செய்துகாட்டிய குழுவின் முதுகெலும்பு அவர். இந்த நால்வருக்கும் முன்னால் யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. இன்று எத்தனை குழுக்கள்? எண்ணிப் பார்த்து எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

அந்த நால்வரும் எப்படிச் சேர்ந்தார்கள் தெரியுமா? இதோ இருக்கும் பாடகர் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்பவர். பகலெல்லாம் “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று தேன் சொட்டச் சொல்லிவிட்டு, மாலையில் அதே தொண்டையால் சுவர் அதிர உறுமுவார். கிட்டார் வாசிப்பவர் எலக்ட்ரீஷியன். வாங்க வழியில்லாத ஆம்ப்ளிஃபையரை அவரே செய்தார். பேஸ் கிட்டார்க்காரர் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். மூவரும் சத்தம் போட இடம் தேடி, டயர் பட்டறையின் பின்கொட்டகைக்கு வந்தார்கள். உள்ளே ஒரு பெண், வேலை முடிந்த களைப்பில், இரண்டு இரும்புக் கம்பிகளால் டயரை அடித்துக்கொண்டிருந்தார். தாளம் ஒரு இம்மிகூடப் பிசகவில்லையாம். டிரம்ஸ் வாசிக்க ஆள் தேட வேண்டிய வேலை அன்றோடு முடிந்தது.

கலைந்துபோன ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டியிடமிருந்து பிறகு பழைய டிரம்ஸ் கிடைத்தது. தினமும் மாலை ஐந்து முதல் எட்டு வரை பயிற்சி.

அந்தக் கொட்டகைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்.

என் அப்பா, இதோ இரண்டாவது வரிசையில் காதுக் கருவியோடு இருக்கிறாரே அவர்தான், அச்சுப்பிழை திருத்துபவர். அப்போது ஒரு பெரிய அகராதிக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சோறு இறங்காத மனிதர். மாலை ஐந்து மணியானால் அவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். நான் சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்வேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. நோயாளிகளின் எலும்புகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்தச் சத்தம்தான் என் எலும்புகளை எனக்குக் காட்டியது. ஆனால் அதை அப்பாவிடம் சொல்லும் தைரியம் இல்லை.

ஒருநாள் அப்பா நகராட்சிக்கு ஒரு புகார் எழுதினார். நான்கு பக்கம். ஒரு பிழை கிடையாது. “ஆஸ்பத்திரிக்குப் போற வழியில குடுத்துட்டுப் போம்மா” என்றார். நான் மறுத்திருக்கலாம். தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லியிருக்கலாம். செய்தேனா? இல்லை. அந்தப் புகாரைக் கொண்டுபோய்க் கொடுத்த கை இந்தக் கை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

மறுநாளே கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். கிட்டார்களை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்ததால் அவை தப்பின. டிரம்ஸ் முழுவதும் உள்ளே மாட்டிக்கொண்டது. தொழிலாளர் மன்ற அரங்கில் அவர்களுடைய முதல் கச்சேரிக்கு அப்போது ஒன்பது நாள்தான் இருந்தது.

அன்று மாலை எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வேலை உடையோடு, முகமெல்லாம் கரித்தூளாக அக்கா நின்றிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் சமையலறைக்குள் ஒதுங்கினேன்.

“சார், எந்த நேரத்துல வாசிச்சா உங்களுக்குத் தொந்தரவு?”

“எல்லா நேரத்துலயும்.”

அக்கா சிரித்துவிட்டார். “சரி சார். நாங்க என்னதான் வாசிக்கிறோம்னு இதுல இருக்கு. ஒரு தடவ கேட்டுட்டுத் திட்டுங்க” என்று ஒரு கேசட்டை நீட்டினார். கூடவே பாட்டு எழுதிய தாள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேசட் அட்டையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“இது என்ன, துறு?”

“எங்க குழு பேரு சார். இரும்புல பிடிக்குமே, அது.”

“அது துரு. சின்ன ர. நீங்க போட்டிருக்கிறது பெரிய ற. இரும்புல பிடிக்காது இது, சும்மா துறுதுறுன்னு ஓடும்.”

அக்கா அட்டையை வாங்கிப் பார்த்தார். “ஐயோ. முன்னூறு அடிச்சுட்டோமே சார்” என்றார்.

அவர் போனபின் அப்பா கேசட்டைத் தொடவில்லை. தாளைத்தான் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிழையுள்ள தாளை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போக அவரால் முடியாது. சிவப்புப் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். அந்த வரி இன்று நீங்கள் சட்டையில் அச்சிட்டு அணிந்திருக்கும் வரி. ‘என் மூச்சில் பாதி ரப்பர், மீதிதான் நான்.’

மறுநாள் காலை அப்பா பட்டறைக்கே போனார். நானும் பின்னால் போனேன்.

“இத யாரு எழுதினது?”

“நான்தான் சார். எட்டாவதோட நின்னுட்டேன், அதான் இப்பிடி.”

“பிழை எழுத்துலதாம்மா இருக்கு. சொன்னதுல இல்ல.”

அக்கா கையைத் துணியில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார். அப்பா விடவில்லை. “இன்னொண்ணு. இவ்வளவு சத்தமாப் பாடுறீங்க, வல்லினம் மிக வேண்டிய இடத்துல ஒண்ணுகூட மிகலையே. ‘இருட்டு கதவை தட்டு’ன்னு எழுதியிருக்கீங்க. இருட்டுக் கதவைத் தட்டு. அந்த ‘க்’கும் ‘த்’தும் இருந்தாத்தான் கதவு தட்டுற மாதிரி இருக்கும்.”

அக்கா அந்த வரியை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த டயரில் கையால் அடித்துக்கொண்டே சொன்னார். ‘க்’ விழுந்த இடத்தில் ஓர் அடி. ‘த்’ விழுந்த இடத்தில் ஓர் அடி. இன்று அத்தனை குழுக்களும் வாசிக்கிற அந்த இரட்டை அடி எங்கிருந்து வந்தது என்று இசை அறிஞர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். எங்கிருந்து வந்தது? ஒரு பிழை திருத்துபவரிடமிருந்தும் ஒரு டயர் பட்டறைத் தொழிலாளியிடமிருந்தும் வந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்பா அன்றே நகராட்சிக்குப் போய்ப் புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதிக்கொடுத்தார். அங்கிருந்த எழுத்தர், “பூட்டுறதுக்கு ஒரு நாள் போதும் சார். தொறக்கிறதுக்கு ஒரு மாசம் ஆகும்” என்றாராம். அப்பா எவ்வளவு கெஞ்சியும் நடக்கவில்லை.

வேறு டிரம்ஸ் இரவல் கேட்டார்கள். யாரும் தரவில்லை. கச்சேரியைத் தள்ளிப்போடலாம் என்றார் வாத்தியார். “டிரம்ஸ் வர்றதுக்கு முன்னாடி நான் எதுல வாசிச்சேன்?” என்று கேட்டார் அக்கா.

கச்சேரி அன்று மேடையில் ஏழு லாரி டயர்கள், இரண்டு சக்கர வட்டுகள், ஒரு கருவிப்பெட்டியின் தகர மூடி. டயருக்குள் மைக்கைத் தொங்கவிட்டவர் நம் எலக்ட்ரீஷியன். திரை விலகியதும் அரங்கு சிரித்தது. “பஞ்சர் ஒட்ட வந்திருக்காங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கம்பிகளையும் தூக்கினார்.

அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன்? கேட்டவர்களுக்குத் தெரியும். அது காதுக்கு வரவில்லை, அடிவயிற்றுக்கு வந்தது. நாற்காலியின் கால் வழியாக ஏறியது. சிரித்தவர்கள் மூன்றாவது நிமிடத்தில் எழுந்து நின்றார்கள். ‘இருட்டுக் கதவைத் தட்டு’ என்று பாடகர் உறுமியபோது, அந்த ‘க்’கிலும் ‘த்’திலும் அக்காவின் அடி விழுந்தபோது, பட்டறைத் தொழிலாளர்கள் வரிசையாகத் தங்கள் முன் இருக்கையின் முதுகில் தட்டத் தொடங்கினார்கள். தங்கள் வேலையின் சத்தம் பாட்டாவதை அவர்கள் அன்றுதான் கேட்டார்கள். என் அப்பா காதில் பஞ்சோடு, மடியில் தாளோடு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். “எல்லாம் சரியா வந்திருக்கு.”

ஒரு மாதம் கழித்துக் கொட்டகை திறந்தது. டிரம்ஸ் வெளியே வந்தது. அக்கா அதைத் தொடவில்லை. முப்பத்தோரு வருடம், எந்த நாட்டு மேடையானாலும், டயர்தான். ஒன்பது ஆல்பங்கள். ஒன்பதிலும் கடைசி வரியாக ‘பிழை திருத்தம்: பக்கத்து வீட்டுக்காரர்’ என்று இருக்கும். அது யாரென்று கேட்டுப் பலர் மன்றத்துக்கு எழுதுவீர்களே, இப்போது திரும்பிப் பாருங்கள். இரண்டாவது வரிசை.

என் குற்றத்தை அக்காவிடம் சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. ஒரு கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் நின்றபோது சொன்னேன். அக்கா டயர்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விடாமலே சொன்னார்.

“தெரியும்மா. நீ குடுத்துட்டு வெளிய வரும்போது நான் நகராட்சி வாசல்லதான் நின்னுட்டிருந்தேன். பட்டறைக்கு லைசென்ஸ் கட்ட வந்தேன்.”

“ஏங்க்கா ஒரு வார்த்தகூடக் கேக்கல?”

“என்னத்தக் கேக்குறது? நீ ஜன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டுக் கேட்டதும் எனக்குத் தெரியுமே.”

இப்படிப்பட்ட மனசை எங்கே பார்ப்போம்?

மூன்று வருடத்துக்கு முன் இருமல் நிற்காமல் அக்கா என் அறைக்கு வந்தார். நான்தான் படம் எடுத்தேன். “மூச்ச இழுத்துப் பிடிங்கக்கா” என்றேன். பிடிக்க முடியவில்லை. மூன்று முறை எடுத்தோம். திரையில் படம் வந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் சுவாசித்த ரப்பர் தூள் இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து தழும்பாகி நின்றது.

“எப்பிடி இருக்கு?”

“டாக்டர் சொல்வாருக்கா.”

“உன் மூஞ்சியே சொல்லிடுச்சு. சரி விடு. படம் தெளிவா வந்திருக்கா?”

“வந்திருக்கு.”

“அப்ப அடுத்த ஆல்பத்துக்கு அதையே அட்டையாப் போட்டுரலாம். ‘மூச்சில் பாதி ரப்பர்’னு எழுதினது நான்னு அப்பத்தான் நம்புவாங்க.”

போட்டார்கள். அந்த ஒன்பதாவது ஆல்பத்தின் அட்டையில் இருப்பது அக்காவின் நெஞ்சு. அந்த அட்டையோடு அவர் இந்தத் தெருவிலுள்ள ஆறு டயர் பட்டறை முதலாளிகளையும் நேரில் போய்ப் பார்த்தார். தூளை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி வைக்கச் சொன்னார். நான்கு பேர் வைத்தார்கள். மூச்சு வாங்க வாங்க இன்னும் பதினான்கு கச்சேரிகள் வாசித்தார். ஒன்றில்கூடத் தாளம் பிசகவில்லை. சென்ற மாதம், அறுபத்திரண்டு வயதில், மகளின் மடியில் போய்ச் சேர்ந்தார்.

குழு தொடரும் என்று பாடகர் சற்று முன் இங்கே அறிவித்தார். டயர்களின் முன் இனி யார் உட்காருவார் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அது அவர்கள் வேலை. ரசிகர்களாகிய நமக்கு என்ன வேலை? வரிகளைச் சட்டையில் போட்டுக்கொள்வது மட்டுமா?

மீதமுள்ள இரண்டு பட்டறைகளிலும் விசிறி வரும்வரை மன்றம் ஓயாது. அந்த இரண்டு முதலாளிகளும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பதை மரியாதையோடு குறிப்பிடுகிறேன். அடுத்து, எங்கள் மருத்துவமனைத் தலைமை மருத்துவர் நேற்று எனக்கு அனுமதி கொடுத்துவிட்டார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் அறை திறந்திருக்கும். இந்தத் தெருவில் டயர் உரசுகிற நாற்பத்துமூன்று பேருக்கும் நானே இலவசமாகப் படம் எடுப்பேன். நான் ஓய்வு பெற்றாலும் எடுப்பேன். அக்காவைப் போல யாரும் தாமதமாக வரக் கூடாது.

தோழர்களே, கூட்டம் கலைந்ததும் டீ குடிக்கப் போய்விடாதீர்கள். மேடைக்கு இடதுபுறம் ஒரு நோட்டோடு உட்காரப்போகிறேன். வந்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்.