கார் வாடகை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அப்பாவும் பிளஸ் டூ முடித்த மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“மனசு சரியில்லைன்னு யாரு தாயி காசு குடுத்துப் பேச வருவாக?” என்றார் அப்பா. “இந்த சைக்காலஜிய மூணு வருஷம் படிச்சா எம்புட்டு சம்பளம் வரும்?”

“மூணு வருஷத்துக்குப் பெருசா ஒண்ணும் வராதுப்பா. மேல ரெண்டு வருஷம் படிக்கணும். படிப்பேன்.”

“மில்லுக்குப் போனா அடுத்த மாசமே சம்பளம்.”

“சித்தி தூங்காமக் கெடந்தப்ப எத்தனை பூசாரிகிட்டக் கூட்டிட்டுப் போனீக? கார் வாடகை மட்டும் எம்புட்டு ஆச்சு?”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அம்புட்டு செலவழிச்சும் சித்தி இன்னும் தூங்கல,” என்றாள் மகள்.

கண்டக்டர் வந்து நின்றார். அப்பா பணத்தை நீட்டினார்.

“காலேஜ் ஸ்டாப்புல நிக்கும்ல? ரெண்டு குடுங்க.”