தேன் பதம்

தண்ணீரை எப்போதும் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் கொடுப்பேன், டாக்டர். சுத்த விஷயத்தில் என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

குருவி என் தங்கை மகள். ஆறு வயது. பெருமூளை வாதம் என்று நீங்கள் எழுதிக்கொடுத்தீர்கள். கழுத்து நிற்காது, கை கால் சொன்னபடி கேட்காது. தங்கை வேலைக்குப் போய்விடுவாள். பகலெல்லாம் பிள்ளை என் பொறுப்பு. என் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே அவள் நாற்காலி.

உங்கள் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். தண்ணீரோ பாலோ, நீங்கள் எழுதிக்கொடுத்த டப்பாவில் இருக்கும் கெட்டியாக்கும் மாவைக் கலந்து தேன் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். குடித்த பிறகும் அரைமணி நேரம் படுக்கவைக்கக் கூடாது.

"தண்ணியா குடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும்மா. இவளுக்கு இருமக்கூட வராது. இருமலையேன்னு நம்பிடாதீங்க."

நன்றாகவே புரிந்தது. நான் ஒன்றும் மக்கு இல்லை.

ஆனால் அந்தக் கொழகொழப்பை நீங்கள் ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு டம்ளர் உள்ளே போக நாற்பது நிமிஷம். முகத்தைச் சுளிப்பாள், பாதியை வழியவிடுவாள். ஒருநாள் பார்க்கப் பாவமாக இருந்தது. வெறும் தண்ணீரைக் கொடுத்தேன். மடமடவென்று இறங்கியது. இருமவே இல்லை. பாசம்தான் காரணம். ஐந்தே நிமிஷத்தில் அவளைப் படுக்கவைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்ப முடிந்தது, அது ஒரு வசதி, அவ்வளவுதான்.

அப்புறம் தினமும் அப்படியே ஆகிவிட்டது. மாவு குறையாவிட்டால் தங்கை கேட்பாளே என்று வேளைக்கு ஒரு கரண்டி எடுத்துத் தொட்டியில் கொட்டினேன். பயிற்சியாளர் சுவரில் ஒட்டிவிட்டுப் போன தாளில் 'தேன் பதம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

முதல் நிமோனியா வந்தபோதே எதனால் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். குற்ற உணர்ச்சியில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இரண்டு வாரம் ஒழுங்காகக் கலந்தேன். பிறகு தையல் குவிந்துவிட்டது.

இரண்டாவது முறை வந்தபோது தங்கை தன்னையே சந்தேகப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள்தான் ஊட்டுவாள்.

"எனக்கு அந்தப் பதம் சரியா வரலைக்கா. இனிமே நான் தொடவே மாட்டேன். நீயே குடு."

"சரி விடு. அதுக்குன்னு ஒரு கைப்பழக்கம் வேணும்ல," என்று தேற்றினேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். இரண்டு மாதம், பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டாமல் ஞாயிறுதோறும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மட்டும் நான் முறையாகக் கலப்பேன். போன ஞாயிறு அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு கரண்டி கொடுத்தாள். அளந்து, கலக்கி, பதம் பார்த்துத்தான் கொடுத்தாள். நான் கூடவே நின்றேன். செவ்வாய்க்கிழமை காய்ச்சல். இன்று காலை குருவி போய்விட்டாள்.

சற்று முன்னால் உங்கள் அறைக்கு வெளியே தங்கை என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அந்த ஒரு கரண்டிதான்க்கா. நான்தான் கொன்னுட்டேன். என்னை மன்னிச்சிடு."

தலையைத் தடவிக்கொடுத்து, மன்னித்துவிட்டேன் என்றேன்.