சத்தியக் காப்பில் பட்ட கத்தி

இந்த வசந்த மன்றத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், சட்டம் முழுவதையும் நெஞ்சில் சுமக்கும் பெரியவர் தோர்லைக் அவர்களே, ஈட்டிகளை வெளியே சாத்திவிட்டு ஈரப்புல்லில் அமர்ந்திருக்கும் பள்ளத்தாக்கின் பெரியோர்களே, ஆட்டுக்குட்டிகளையும் அடுப்பையும் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, குதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "சீக்கிரம் முடிங்க" என்று முணுமுணுக்கும் இளைஞர்களே, கோவில் பொறுப்பை இந்த வசந்தத்தில்தான் ஏற்ற ஆஸ்பிராண்டின் வணக்கம்.

முடிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

இந்தக் கையில் இருப்பது கோவிலின் சத்தியக் காப்பு. வெள்ளி என்றால் நமக்கு என்ன? கழுத்தில் கிடக்கும் வெறும் மினுமினுப்பா? தேவர்களின் தலைவன் ஓடின் உலகைப் பார்க்கும் மாளிகைக்கு வெள்ளிக் கூரை. வழக்குத் தீர்க்கும் தேவன் ஃபொர்சேத்தியின் மண்டபத்துக்கும் வெள்ளிக் கூரை. பகையோடு உள்ளே போனவர்கள் அந்தக் கூரையின் கீழ் அமர்ந்து பகை தீர்ந்து வெளியே வருவார்கள். ஏன் வெள்ளி? வெட்டினாலும் வெள்ளை, உடைத்தாலும் வெள்ளை, உருக்கினாலும் வெள்ளை. வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படி. அதனால்தான் பலிரத்தத்தில் தோய்த்த இந்தக் காப்பைத் தொட்டுச் சொன்ன சொல்லை நாம் நம்புகிறோம்.

இன்று இதைத் தொடக் காத்திருக்கிறான் ஐவிந்த். பறவை முட்டை எடுக்க ஸ்டைனாரின் தம்பியோடு பாறைக்குப் போனான், கயிறு அறுந்தது, தம்பி கடலில் விழுந்து செத்தான். தானாக அறுந்தது என்கிறான் இவன். இவன்தான் அறுத்தான் என்கிறார் ஸ்டைனார். சாட்சி கிடையாது. சத்தியம் செய்தால் ஐவிந்த் வீட்டுக்குப் போவான். செய்ய முடியாவிட்டால் ஊருக்கு வெளியே. யார் வேண்டுமானாலும் அவனை ஓநாயைப் போலக் கொல்லலாம்.

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இருபது ஆண்டு சந்தைகளில் கிடந்தவன். கைக்கு வெள்ளி வந்தால் அசல்தானா என்று கத்தி முனையால் கீறிப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். எனக்கு அது வியாதி. எனக்கு முன் கோவில் பொறுப்பில் இருந்த மாமனார் ரோவால்ட் இறந்த மறுநாள் இந்தக் காப்பு என் கைக்கு வந்தது. ஏதோ யோசனையில் இருந்தேன். கை தன் வேலையைச் செய்துவிட்டது. கீறிவிட்டேன்.

கோவில் காப்பில் கத்தி பட்டாலே குற்றம் என்று அங்கே யாரோ சொல்கிறீர்கள். தெரியும் ஐயா, அதற்கும் வருகிறேன். கீறின இடம் சிவப்பாக இருந்தது. செம்பு.

என் மனைவி யோருனிடம் ஓடினேன். "உங்கப்பா எதைக் குடுத்துட்டுப் போயிருக்காருன்னு பாரு" என்றேன்.

அவள் மாவு பிசைவதைக்கூட நிறுத்தவில்லை. "கத்தி வச்சுட்டீங்களாக்கும். இத்தனை வருஷமா யாருக்கும் தோணாதது உங்களுக்கு ஒரே நாள்ல தோணிருச்சு."

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பஞ்ச வருஷத்துல நார்வேக் கப்பல் பார்லி மாவோட வந்துச்சுல்ல. பாசியை அவிச்சுத் தின்னுக்கிட்டிருந்த சனத்துக்கு எவன் சும்மா குடுப்பான்? அப்பா காப்பைக் கழட்டிக் குடுத்தாரு. செம்புல ஒண்ணு அடிச்சு, வெள்ளி முலாம் பூசி மாட்டிக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு நாளும் நல்லாத் தூங்கல."

மூன்று வாரம் அந்தக் கீறலில் கொழுப்பும் சாம்பலும் பூசி மறைத்தேன். நானும் தூங்கவில்லை. சொல்லாவிட்டால் இந்தப் பையன் செம்பின் மேல் சத்தியம் செய்வான். நாளைக்கு வேறொருவன் கீறிப் பார்த்தால் அந்தச் சத்தியம் செல்லாது, இவன் உயிர் போகும். சொன்னால் பஞ்சத்துக்குப் பிறகு இதைத் தொட்டுச் செய்த இருபது ஆண்டுச் சத்தியங்களும் ஆடும். உங்கள் திருமணங்கள் செம்பா? உங்கள் எல்லைக் கற்கள் செம்பா? ஒருவரை ஒருவர் வெட்டாமல் இருந்தீர்களே, அதுவும் செம்பா?

கேளுங்கள் என் மக்களே. அந்த வெள்ளி எங்கே போயிற்று? கப்பலில் போயிற்று என்பீர்கள். இல்லை. மாவாக வந்தது, கூழாக வெந்தது, உங்கள் வயிற்றில் இறங்கியது. தாய்மார்களே, அந்தக் கூழில்தானே உங்களுக்குப் பால் சுரந்தது? ஐவிந்த் அந்த ஆண்டு தொட்டில் குழந்தை. காப்பில் இல்லாத வெள்ளி இந்த மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று இன்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கத்தி வைத்த குற்றத்துக்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். முலாமைச் சுரண்டிவிட்டேன், சிவப்பு நன்றாகவே தெரிகிறது. இதன் மேல் செய்யும் சத்தியத்தை ஏற்பதா தள்ளுவதா என்று சொல்லும் உரிமை வழக்குத் தொடுத்தவருக்கு.

ஸ்டைனார் எழுந்து வருகிறார். வழிவிடுங்கள். என் கையைப் பிடித்துப் பார்க்கிறார். சிவப்பை விரலால் தடவுகிறார். என்ன ஐயா, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

"அந்தக் கூழை நானும் குடிச்சேன். எந்தம்பியும் குடிச்சான். பையனை வரச் சொல்லு. வெட்டுப்பட்ட இடத்துலயே கை வைக்கச் சொல்லு."

கேட்டீர்களா? பொறுத்திருந்து கேட்ட தலைவருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, வணங்கி இறங்குகிறேன். ஐவிந்த், வாப்பா.