காப்புக் கட்டுறதுக்கு முன்னால

போன வருசத் திருவிழா, காலையில ஏழு மணி, இருபது பேரு காப்புக் கட்ட வரிசையில நின்னாங்க, எங்க வீட்டுக்காரரு தர்மாதான் மொத ஆளு. அதத்தான் சொல்ல வந்தேன். கோவிச்சுக்காத தங்கச்சி, ஒட்டுக் கேக்கல. நீ போன்ல பேசுனது பஸ்ஸுக்கே கேட்டுச்சுலா. ஒங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்குச் சாயங்காலம் காப்பு, இன்னியோட குடியத் தலமுழுகுறாரு, அதானே?

தாப்பாவுல எறங்குறியா? நான் கோப்பெங். அதுக்குள்ள சொல்லிடுறேன்.

ஒன்லைன் வைத்தியமா? அட, எங்க வீட்டுலயும் அதான். பலன் இருக்கான்னா, இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. எங்க தோட்டத்துல ரப்பர வெட்டிட்டு செம்பன வெச்சாங்க, சம்சு சாராயம் விக்கிறவன் மட்டும் எடம் மாறல. டவுன் கிளினிக்குக்கு இவரு வரவே மாட்டேன்னாரு. வெளிய உக்காந்திருந்தா எவனாச்சும் பாத்துட்டு, என்ன மச்சான் ஒனக்குமான்னு இளிப்பானாம். போன்னா ரூம்புக் கதவச் சாத்திக்கலாம். வாராவாரம் வீடியோ கால்ல, குடிய விட வழி சொல்ற பிரமிளா மிஸ் மூஞ்சியப் பாத்துப் பேசுவாரு. கல்யாணம் ஆனதுலேருந்து எங்கிட்ட சொல்லாததெல்லாம் அந்த மிஸ்கிட்ட சொன்னாரு. செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு வயித்தெரிச்சல், போ! ஆனா ரெண்டு போத்தல் ஒண்ணாச்சு.

மிஸ் ஒண்ணு மட்டும் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. கொஞ்சங்கொஞ்சமாக் கொறைங்க. ஒரேயடியா நிறுத்துறதா இருந்தா மொதல்ல டாக்டரப் பாருங்க, மருந்து இருக்கு, இவ்வளவு காலம் குடிச்ச ஒடம்பு தாங்காதுன்னு. சரி மிஸ், சரி மிஸ்னு தலையாட்டுவாரு.

அந்த நேரம் பாத்து கோயில் திருவிழா. காப்புக் கட்டிட்டு அளந்து அளந்து குடிக்க முடியுமா, நீயே சொல்லு? சாமி குத்தம்லா. பட்டுனு விட்டாரு. மிஸ்கிட்ட சொல்லுங்கன்னேன். சாமி காரியத்தப் போயி போன்லயா சொல்றது, எல்லாம் முடியட்டும், முழுசா விட்டுட்டேன்னு சொல்லி அசத்துறேன்னாரு. அவ்வளவு பெரும அவருக்கு.

மறுநாளே வேர்வ. கைல தேத்தண்ணி கிளாஸ் நிக்கல. செவுத்துல எறும்பு ஏறுதுங்கிறாரு, அங்க ஒரு எறும்பும் இல்ல. ஆத்தா நெருங்கி வாரா, வெரதம் சுத்தமா இருக்குன்னு மாமியா கையெடுத்துக் கும்புட்டாங்க. நடுவுல மிஸ் கூப்பிட்டாங்க. என்ன தர்மா, முகமெல்லாம் வேர்த்திருக்குன்னு கேட்டாங்க. கோயில் வேல மிஸ், வெயிலுன்னுட்டாரு. போன்ல மூஞ்சிதானே தெரியும்? போனச் செவுத்துல சாச்சு வெச்சுட்டு, ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ அமுக்கி வெச்சிருந்தாரு.

பால்குடத்தன்னிக்குக் கோயில் வாசல்ல விழுந்து ஒதறினாரு பாரு, உருமிக்காரன் இன்னும் ஓங்கி அடிக்கிறான். பொம்பளைங்க கொலவ போடுறாங்க, மஞ்சத்தண்ணி ஊத்துறாங்க. பக்கத்து வீட்டு சீனி அண்ணன் குனிஞ்சு, ஆத்தா, லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்லுன்னு கேக்குறாரு. சிரி தங்கச்சி, பரவால்ல. வாயில நொர தள்ளி, நாக்கக் கடிச்சு ரத்தம் வந்த பொறகுதான் ஒருத்தருக்கு ஒறைச்சுச்சு, இது சாமி இல்லன்னு.

நான் சாமியக் கொற சொல்லல. ஒங்க வீட்டுக்காரரு தாராளமா கட்டட்டும். கட்டுறதுக்கு முன்னால அந்தப் போன்ல பேசுறவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. டாக்டர்கிட்ட நீயே இழுத்துட்டுப் போ. இந்த வருசம் முடியலன்னா அடுத்த வருசம், ஆத்தா எங்க ஓடிடப் போறா?

அவரு ஒடம்பு கெட்டியா? எல்லா ஒடம்பும் கெட்டிதான். போனப் போடு. இப்பவே. வீட்டுக்குப் போயி சொல்லிக்கலாம்னு இருக்காத, அங்க நாலு பேரு சேந்து ஒன் வாய அடைச்சிருவாங்க.

எடுக்கலையா? திரும்பப் போடு.

கோப்பெங் வந்துருச்சு, அந்தப் பைய எடுத்துக் குடு. என்ன? எங்க வீட்டுக்காரரு இப்ப எப்படி இருக்காருன்னா?

போன வருசம் ஏப்ரல் பதினெட்டு, வெள்ளிக்கெழம, ஆஸ்பத்திரியில எறந்துட்டாரு.